நாள் பார்த்தேன்

எங்கள் மருத்துவமனையின் டாவி பிரிவு முதல் ஆண்டில் ஓர் உயிரைக்கூட இழக்கவில்லை. இதை மாநாட்டு மேடையில் சொன்னேன், நிர்வாகக் குழுவில் சொன்னேன், தங்கள் ஊரிலும் தொடங்கலாமா என்று யோசனை கேட்டு வந்த டாக்டர்களிடமும் சொன்னேன். மேசையில் ஏற்றியவர்களை மட்டும் எண்ணினால் அது உண்மைதான். மேசைக்கு வந்து சேரும் முன்பே போய்விட்ட ஓர் அம்மா அந்தக் கணக்கில் இல்லை. அவரைக் கணக்குக்கு வெளியே நிறுத்தியவன் நான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் கிளம்பும் வாசலில் பெருந்தமனி வால்வு இருக்கிறது. வயதாக ஆக அதன் இதழ்களில் சுண்ணாம்பு படிந்து இறுகும். 3, 4 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வால்வு 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் கடுமையான அடைப்பு என்போம். மாத்திரைக்குக் கரையாது. நெஞ்செலும்பை அறுத்து, இதயத்தை நிறுத்தி வைத்து, பழையதை வெட்டியெடுத்துப் புதியதைத் தைப்பது ஒன்றுதான் முன்பு வழி. டாவியில் நெஞ்சைத் தொடுவதே இல்லை. தொடைத் தமனியில் ஊசித்துளை போட்டு, மடக்கிய வால்வை ஒரு குழாயில் ஏற்றி மேலே அனுப்பி, பழைய வால்வுக்குள்ளேயே விரித்துவிடுகிறோம்.

பார்க்க வேண்டிய காட்சி அது. மாட்டின் இதய உறையில் தைத்த வால்வு ஒரு ஜாடியில் மருந்து நீரில் மிதந்துகொண்டு வரும். நர்ஸ் அதை எடுத்து உப்புநீர்க் கிண்ணங்களில் அலசி, கைப்பிடிச் சக்கரம் வைத்த கருவியில் நுழைத்து, பலூன் மேல் பென்சில் கனத்துக்கு நெருக்குவார். அது வால்வு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இதயத்தை வேண்டுமென்றே நிமிடத்துக்கு 180 தடவை துடிக்க வைப்போம். துடிப்பு என்று பெயர்தான், ரத்தம் வெளியே போகாது. ரத்த அழுத்தக் கோடு படுத்துவிடும். அந்தச் சில நொடிகளுக்குள் பலூன் விரிந்து சுருங்க வேண்டும். கோடு மறுபடி எழுந்ததும் அனஸ்தீசியா டாக்டர் விடும் பெருமூச்சு அறை முழுக்கக் கேட்கும். ஒருமுறை இதைச் செய்தவனுக்கு மறுபடி செய்யத் தோன்றும். இந்த ருசியையும் என் குற்றத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டென்மார்க்கின் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் 1989-ல் பன்றிகளுக்கு இப்படி வால்வு வைத்துப் பார்த்தார். மனிதருக்கு முதலில் வைத்தவர் பிரான்சின் ரூவான் நகரத்து அலேன் க்ரிபியே, 2002 ஏப்ரல் 16-ல். அந்த நோயாளிக்கு வயது 57. இதயம் அதிர்ச்சி நிலைக்குப் போய், சர்ஜன்கள் கைவிட்டு, கால் தமனிகளும் கெட்டுப்போயிருந்தவர். க்ரிபியே கையில் இருந்தது அதுவரை ஆடுகளில் மட்டும் சோதித்த சாதனம். நல்ல நாளும் இல்லை, நல்ல ரத்தக்குழாயும் இல்லை, ஆனாலும் செய்தார். வால்வு வேலை செய்தது. சுமார் நான்கு மாதம் கழித்து அந்த மனிதர் வேறு காரணங்களால் இறந்தார். முதல் கேஸை ஒரு மருத்துவர் எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்று பார்த்தால், க்ரிபியே தேர்ந்தெடுக்கவே இல்லை. வாசலில் வந்து விழுந்தவருக்குச் செய்தார். நான் தேர்ந்தெடுத்தேன்.

எங்கள் ஊர் சென்னை அல்ல. ரயிலில் ஓர் இரவுத் தூரம். வால்வு அடைப்பு உள்ள முதியவர்களைச் சென்னைக்கு அனுப்பினால் பாதிப்பேர் போவதில்லை. மகன் கடையைப் பூட்ட வேண்டும், தங்க இடம் பார்க்க வேண்டும், “இந்த வயசுல எதுக்குங்க” என்று பாட்டியே தடுத்துவிடுவார். 2018-ல் இந்தியத் தயாரிப்பு வால்வு ஒன்றுக்கு அனுமதி கிடைத்தபின், எங்கள் மாதிரி ஊர்களிலும் இதைத் தொடங்கலாம் என்ற தைரியம் வந்தது. அப்போது வால்வு மட்டுமே 10 லட்சத்தைத் தாண்டியது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தின் 5 லட்சம் போதவில்லை. இருந்தாலும் திரட்டக்கூடிய குடும்பங்கள் எங்கள் பக்கம் இருந்தன.

நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்க நான் கையில் எடுத்தது பார்ட்னர் ஆய்வு. 2010-ல் வெளியானது. அறுவைக்கே தாங்க மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட 358 பேர். டாவி செய்யாமல் வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 50.7 சதவீதம், டாவி செய்துகொண்டவர்களில் 30.7. திரையில் அந்த 50.7-ஐச் சிவப்பில் கொட்டை எழுத்தில் போட்டேன். “நம் மாவட்டத்தில் இவ்வளவு பேர் ஒரு வருடத்துக்குள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்” என்றேன். கேத் லேப்பை விரிவாக்கப் பணம் ஒதுக்கினார்கள். புது எக்கோ மெஷின் வந்தது. சி.டி. அளவெடுக்கும் மென்பொருள் வந்தது.

ஒரு வருடத்தில் பாதிப்பேர் என்றால் ஒரு மாதத்துக்கு எத்தனை பேர் என்று அன்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் வகுத்துப் பார்க்கவில்லை. நூற்றுக்கு நாலைந்து பேர். ஒரு மாதம் தாமதித்தால் அவ்வளவு. பணம் கேட்கும்போது மட்டும் எனக்கு அந்த எண் பயன்பட்டது.

வரவு செலவுத் திட்டத்தில் இன்னொரு வரி இருந்தது: டாவி ஒருங்கிணைப்பாளர், ஒரு நர்ஸ் பணியிடம். பல நாடுகளில் இந்தப் பிரிவின் முதுகெலும்பே அவர்தான். பரிசோதனைகளை வரிசைப்படுத்துவது, காத்திருப்பவர்களைப் போனில் விசாரிப்பது, யார் மோசமாகிறார்கள் என்று பார்த்து முன்னே இழுப்பது, வீட்டாருக்குச் சொல்லித் தருவது எல்லாம் அவர் பொறுப்பு. கனடாவின் வான்கூவரில் ஜான் வெப்பும் டேவிட் வுட்டும் நடத்திய குழுவில் சாண்ட்ரா லாக் என்ற நர்ஸ் இந்த வேலையை ஒரு துறையாகவே வளர்த்தெடுத்தார். அவர்கள் வகுத்த முறையை 13 மருத்துவமனைகளில் 411 பேரிடம் பின்பற்றி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 80 சதவீதம் பேர் மறுநாளே நடந்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த ஆய்வைப் படித்தேன், மறுநாள் வீட்டுக்குப் போன 80 சதவீதத்தை மட்டும் என் ஸ்லைடில் சேர்த்துக்கொண்டேன்.

பட்ஜெட்டில் எதையாவது குறைக்கச் சொன்னபோது அந்தப் பணியிடத்தை என் கையாலேயே அடித்தேன். “போன் பண்றதுக்கு ரிசப்ஷன்ல ஆள் இருக்காங்களே” என்றேன். தேர்த் திருவிழாவுக்கு ஊரையே வடம் பிடிக்கக் கூட்டிவிட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை வீட்டுக்கு அனுப்பிய மாதிரி.

அந்த அம்மா வைகாசி கடைசியில் வந்தார். வயது 78. மகனுக்கு அரிசி மண்டி. மூச்சு வாங்குகிறது என்று அவராகச் சொல்லவில்லை, மருமகள்தான் சொன்னார்: “மாடிப்படியில ரெண்டு படிக்கு ஒருதரம் நின்னு செருப்பைச் சரி பண்ணுவாங்க டாக்டர். செருப்பு சரியாத்தான் இருக்கும்.” கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததுமே ரம்பம் அறுக்கிற சத்தம் கேட்டது. எக்கோவில் வால்வின் பரப்பு 0.6 சதுர சென்டிமீட்டர். அழுத்த வித்தியாசம் 60. நாற்பதைத் தாண்டினாலே கடுமையானது.

முதியவர்களின் உடல்பலத்தைப் பார்க்க 5 மீட்டர் நடக்க விடுவோம். 6 நொடிக்கு மேல் போனால் தளர்ச்சி என்று குறிப்போம். பிசியோதெரபிஸ்ட் வராண்டாவில் டேப் ஒட்டி வைத்திருந்தார். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தயத்துக்கு நிற்கிற பிள்ளை மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார். தேறிவிட்டார். சி.டி. எடுத்தோம். எல்லாம் பாடப்புத்தகப் படம்: வால்வின் வட்டம் சீராக, இதயத் தமனிகளின் வாய்கள் போதிய உயரத்தில், தொடைத் தமனி 7 மில்லிமீட்டர் அகலத்தில், வளைவு நெளிவு இல்லாமல்.

புது வால்வு மாட்டிலிருந்து வருகிறது என்று சொல்லியாக வேண்டும். சுத்த சைவக் குடும்பம். சில வீடுகளில் இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். அவர் யோசித்துவிட்டு, “பால் குடிச்சு வளந்த உடம்புதானே தம்பி, ஒத்துக்கும்” என்றார். மகன் பணத்துக்கு மனை ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்தார், பத்து நாளில் தொகையும் தயார்.

இவரைத்தான் என் முதல் கேஸாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த சி.டி. படத்தைப் பார்த்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். சிக்கல் இல்லாத ரத்தக்குழாய், பேசத் தெரிந்த குடும்பம், போட்டோவில் நன்றாக இருக்கும் சிரிப்பு. முதல் கேஸ் சறுக்கினால் பிரிவே மூடப்படும் என்ற பயம் எனக்கு இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

புதிதாகத் தொடங்கும் இடத்தில் ஆரம்ப கேஸ்களுக்கு அனுபவமுள்ள ஒருவர் வந்து பக்கத்தில் நிற்பார். ப்ராக்டர் என்போம். அவர் வரும் நாளில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து வைத்தால் எல்லோருக்கும் வசதி. வால்வுகளும் பல அளவுகளில் அன்று வந்து, பயன்படாதவை திரும்பிப் போகும். அவர் ஆனியில் ஒரு தேதி கொடுத்தார். மற்ற கேஸ்கள் தயாராகவில்லை, ஒரு கேஸுக்காக அவரை இவ்வளவு தூரம் வரவழைக்க வேண்டுமா என்று நானே தள்ளினேன். அடுத்த தேதி ஆடியில் வந்தது. நிர்வாக இயக்குநர், “ஆடியில வேணாம் டாக்டர். ஆவணி பொறக்கட்டும், பெரிய மனுஷங்க நாலு பேரைக் கூப்பிட்டு நல்லா செஞ்சுடலாம்” என்றார். ஆடி என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடும் நோயாளிகளைப் பார்த்துப் பலமுறை சிரித்திருக்கிறேன். இயக்குநரிடம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஆவணியில் கூட்டம் சேரும் என்று எனக்கும் தோன்றியது.

காத்திருக்கத் தேவையில்லாத வழிகள் கண் முன்னால் இருந்தன. எங்கள் இதய சர்ஜன் அந்த அம்மாவின் படங்களைப் பார்த்துவிட்டு, “அடுத்த வாரமே நான் திறந்து போட்டுத் தர்றேன். எழுபத்தெட்டுதான், நல்லா நடக்குறாங்க” என்றார். நியாயமான பேச்சு. 65-க்கும் 80-க்கும் இடைப்பட்டவர்களுக்கு இரண்டு வழியையும் எடுத்துச் சொல்லி அவர்களையே முடிவெடுக்க விட வேண்டும் என்றுதான் அமெரிக்க வழிகாட்டி நெறிகளும் சொல்கின்றன. நான் அந்தக் குடும்பத்திடம் சர்ஜனைப் பேச விடவில்லை. சர்ஜனும் நானும் கூடி முடிவெடுத்ததாக ஒரு படிவம் இருக்கிறது. அதில் அவர் கையெழுத்து இருக்கிறது. வராண்டாவில் நிற்க வைத்து வாங்கினேன்.

சென்னைக்கு அனுப்பியிருக்கலாம். அங்கே வாரந்தோறும் செய்கிறார்கள், பணமும் தயாராக இருந்தது. அனுப்பினால் என் முதல் கேஸ் போய்விடும். இடைக்கால ஏற்பாடாக வெறும் பலூனால் வால்வைச் சற்றே விரித்து விட்டிருக்கலாம். அதே க்ரிபியே 1985-லேயே செய்து காட்டிய முறை. நிலைக்காது, ஆனால் சில மாதம் தாங்கும். பலூன் வால்வைக் கிழித்துக் கசிய விட்டால் முதல் கேஸ் சிக்கலாகிவிடுமே என்று விட்டுவிட்டேன். மருத்துவக் காரணம் போலத்தான் இருக்கிறது. அப்படி இருக்கும்படி நான்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில் அம்மன் கோயில் வரிசையில் அவர் மயங்கி விழுந்தார். மகன் மருத்துவமனைக்குப் போன் செய்தார். ரிசப்ஷனில் இருந்த பெண் என்னிடம் சொல்லவில்லை என்று இங்கே எழுதினால் எனக்கு வசதி. சொன்னார். ஓ.பி. முடிந்து நான் லிப்டுக்குப் போகும்போது பின்னாலேயே வந்து சொன்னார். “கூட்டத்துல வெயில்ல நின்னிருப்பாங்க. தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க. தேதிதான் நெருங்கிடுச்சே” என்றேன். அந்தப் பெண் போய் அப்படியே சொல்லியிருக்கிறார்.

மாணவர்களுக்கு வால்வு அடைப்புப் பாடம் எடுக்கும்போது, ராஸும் ப்ரான்வால்டும் 1968-ல் வெளியிட்ட வரைபடத்தைக் காட்டுவேன். பல ஆண்டுகள் சமதளமாக ஓடும் ஆயுள் கோடு, நெஞ்சுவலியோ மயக்கமோ மூச்சுத்திணறலோ தலைகாட்டிய இடத்திலிருந்து மலைச்சரிவாக இறங்கும். “மயக்கம்னு பேஷண்ட் சொன்னா அன்னைக்கே அட்மிஷன்” என்பது நான் பரீட்சைக்காகச் சொல்லித் தரும் வாக்கியம். வேறொரு டாக்டரின் நோயாளி என்றால் அன்று அந்த டாக்டரைத் திட்டியிருப்பேன்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் விடிகாலையில் அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் விழுந்து இறந்தார். எனக்கு அது தெரியாது. ஆவணி பிறந்து, அட்மிஷன் தேதியை உறுதி செய்ய எங்கள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டபோதுதான் மகன் சொல்லியிருக்கிறார். கருமாதி முடிந்திருந்தது. கோபமாகப் பேசவில்லையாம். “சார்கிட்ட சொல்லிடுங்க, வேற யாருக்காவது அந்தத் தேதியைக் குடுத்துடச் சொல்லுங்க” என்றாராம்.

கொடுத்தேன். வேறொரு பெரியவருக்கு அந்த நாளில் டாவி செய்தோம். அருமையாக வந்தது. பெரிய மனிதர்கள் வந்தார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள், பொன்னாடை போட்டார்கள். மறுநாள் பேப்பரில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு நடிப்பு என்று சொல்லி இரக்கம் தேட விரும்பவில்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். அந்த அம்மாவின் நினைவு அன்று முழுக்க வரவே இல்லை.

வருடக் கணக்கு எழுதும்போது வந்தது. மரணம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். விதிப்படி சரி, டாவி செய்தவர்களின் மரணத்தை மட்டும்தான் அந்தக் கட்டம் கேட்கிறது. காத்திருந்து இறந்தவர்களுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. நான் அதற்கு ஒரு கட்டம் போட்டிருக்கலாம். போடவில்லை. பூஜ்யத்தைத்தான் மாநாட்டுக்கு எடுத்துப் போனேன்.

கேத் லேப்பில் மூத்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் இருக்கிறார். மாநாடு முடிந்து நான் திரும்பிய வாரம், ஒரு நீளமான கோடு போட்ட நோட்டை மேசையில் வைத்தார். பட்டியலில் காத்திருப்பவர்களின் பெயர், வீட்டு எண், பக்கத்தில் மூன்று கேள்வி: மயக்கம் வந்ததா, ராத்திரி மட்டமாகப் படுக்க முடிகிறதா, போன வாரம் நடந்த தூரம் இந்த வாரம் நடக்கிறார்களா. “திங்கக்கிழமை தோறும் நானே பண்றேன் சார். எனக்கு டூட்டியில ரெண்டு மணி நேரம் மட்டும் ஒதுக்கித் தாங்க” என்றார். முதல் பக்கத்தில் அந்த அம்மாவின் பெயரையும் எழுதி எதிரே தேதி போட்டிருந்தார். அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நான் ரிசப்ஷன் பெண்ணிடம் சொன்ன பதில் அவருக்குத் தெரியும் என்பது மட்டும் புரிந்தது.

அந்த நோட்டு வந்த பிறகு தேதிகள் முன்னே நகர்ந்திருக்கின்றன. சிலரைச் சர்ஜனிடம் கொடுத்திருக்கிறேன், சிலரைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறேன், ப்ராக்டருக்கு ஒரே ஒரு கேஸ் என்றாலும் வரச் சொல்லியிருக்கிறேன். இதில் எதற்கும் எனக்குப் பாராட்டு சேராது. பட்ஜெட்டில் நான் அடித்த வேலையை ஒருவர் கூடுதல் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார், வெகுநாள் கழித்துத்தான் அதற்கு ஒரு பணியிடமே வாங்கினேன்.

மண்டிக்காரரிடம் இன்றுவரை நான் பேசவில்லை. வக்கீல் நண்பர் பேசாதே என்றார். அதைக் காரணமாகப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா டாவி செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று சிலர் என்னைத் தேற்றக் கேட்கிறார்கள். மேசையிலேயே இறந்திருக்கவும் கூடும். எந்த டாக்டரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் கோயில் வரிசையில் விழுந்த அன்று ஐ.சி.யூ.வில் இருந்திருக்க வேண்டியவர், என் வார்த்தையால் வீட்டில் இருந்தார். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இதைப் படிப்பவர் வீட்டிலும் இப்படிக் காத்திருக்கும் அப்பாவோ அம்மாவோ இருக்கலாம். “தேதி சொல்லி அனுப்புறோம்” என்று எந்த மருத்துவமனை சொன்னாலும், இடையில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பெயரும் ஒரு எண்ணும் வாங்காமல் கிளம்பாதீர்கள். மயங்கி விழுந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ போன் செய்துகொண்டிராமல் நேரே எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள். சர்ஜனையும் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கடைசியாக, ஏன் அந்தத் தேதி என்றும் கேளுங்கள். உங்கள் அம்மாவின் உடம்பைப் பற்றி அல்லாமல் எங்கள் வசதியைப் பற்றிப் பதில் வந்தால், வேறு ஊருக்கு அழைத்துப் போய்விடுங்கள்.